ஃபூச்சுன் மலை நடந்த தூரம்

1350ஆம் ஆண்டு. டிராகன் படகுத் திருநாளுக்கு முந்தின நாள். இன்று ஷாங்காய் நகரத்துக்குள் அடங்கிவிட்ட சோங்ஜியாங்கில், நண்பர் ஒருவரின் வீட்டில் உட்கார்ந்து, எண்பதைத் தாண்டிய ஓவியர் ஒருவர் தன்னுடைய நீண்ட காகிதச் சுருளின் கடைக்கோடியில் சில வரிகள் எழுதுகிறார். படம் இன்னும் முடியவில்லை. முடியாத படத்தில் எதற்கு இப்போதே எழுத்து? காரணத்தை அந்த வரிகளிலேயே சொல்லிவிடுகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் ஃபூச்சுன் மலைக்குத் திரும்பியபோது உடன் வந்தவர் வூயோங் என்ற தாவோ துறவி. அங்கே தெற்கு மாடியில், வேலையில்லாத ஒரு பொழுதில் இந்தச் சுருளைத் தொடங்கினார். மனம் வந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். படத்தை மலையிலேயே வைத்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றப் போனதால் மூன்று நான்கு வருடமாகியும் முடிந்தபாடில்லை. இப்போது அதை மூட்டையோடு எடுத்துவந்து, காலையிலும் மாலையிலும் நேரம் கிடைக்கும்போது வரைகிறார். வூயோங்குக்கு ஒரு கவலை. யாராவது தந்திரமாகவோ வலுவந்தமாகவோ இதைத் தட்டிக்கொண்டு போய்விட்டால்? அதனால்தான் பெயரை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னார்.

அந்தத் துறவிக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த அறுநூறு ஆண்டுகளில் இந்தச் சுருளுக்கு நேர்ந்ததையெல்லாம் படிக்கும்போது, அவருடைய கவலைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

ஓவியரின் பெயர் ஹுவாங் கோங்வாங். பிறந்தது 1269இல். சொந்தக் குடும்பத்தின் பெயர் லூ; சிறுவயதிலேயே ஹுவாங் குடும்பத்துக்குத் தத்துப் போனவர். தத்தெடுத்த கிழவருக்கு அப்போது தொண்ணூறு வயது என்பார்கள். ஹுவாங் பெரியவர் மகனுக்காக நெடுங்காலம் காத்திருந்தார் என்ற பொருளிலேயே பிள்ளைக்குப் பெயர் அமைந்தது. மங்கோலியர்கள் சீனத்தை ஆண்ட யுவான் காலம் அது. தென்சீனத்துப் படித்தவர்களுக்குப் பெரிய பதவிகள் எட்டாக் கனி. ஹுவாங் எழுத்தராக வேலை பார்த்தார். மேலதிகாரி சிக்கிய வழக்கில் இவரும் சேர்ந்து சிறைக்குப் போனார். வெளியே வந்தபின் அரசு வேலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாவோ சமயத்தின் ச்சுவான்ஜென் மரபில் சேர்ந்தார். குறி சொல்லிப் பிழைத்தார். தன்னைத் தானே 'பெரும் பேதை' என்று அழைத்துக்கொண்டார். ஓவியத்தில் முழுதாக இறங்கியது ஐம்பதுக்குப் பிறகு. வாழ்க்கை ஒரு மனிதனைப் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டு, அதற்குப் பின்னும் முப்பது ஆண்டு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தச் சுருள் இருக்கிறது.

ஃபூச்சுன் ஆறு ஹாங்ஜோ நகரத்துக்குத் தென்மேற்கே, தாழ்ந்த மலைகளுக்கு நடுவில் ஓடுவது. சீனர்களுக்கு இந்த ஆற்றங்கரை என்றால் உடனே ஒருவர் நினைவுக்கு வருவார்: யான் ட்ஸிலிங். கிழக்கு ஹான் வம்சத்தை நிறுவிய பேரரசர் குவாங்வூவோடு ஒன்றாகப் படித்தவர். நண்பன் அரியணை ஏறியதும் பதவி தருகிறேன் என்று கூப்பிட்டான். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்த ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு காலம் கழித்தார். அவர் மீன் பிடித்ததாகச் சொல்லும் பாறை மேடை இன்னும் இருக்கிறது. ஹுவாங் இந்த மலையைத் தேர்ந்ததில் இந்த நினைவுக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இனி சுருளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கைச்சுருள் என்பது சுவரில் மாட்டுவது கிடையாது. மேசையில் வைத்து, இடக்கையால் பிரித்துக்கொண்டே வலக்கையால் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு நேரத்தில் கண்முன் இருப்பது ஒரு முழம், இரண்டு முழம்தான். வலமிருந்து இடமாக, படகில் போகிறவன் கரையைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். மலை எழும்பும், தாழும், தண்ணீர் அகலும்; மரங்களுக்கிடையில் ஓரிரு கூரைகள் தெரியும். இன்று மிஞ்சியிருக்கும் பெரிய துண்டு ஆறு தாள்களை ஒட்டியது: உயரம் 33 சென்டிமீட்டர், நீளம் 636.9 சென்டிமீட்டர். உயரம் ஒரு பள்ளிக்கூட அளவுகோலைவிடக் கொஞ்சம்தான் கூட. அதற்குள் ஒரு ஆற்றின் பல நாள் பயணம்.

அருகில் போனால் மலை மலையாக இருக்காது, கோடாக இருக்கும். நீளமாக, மெல்லியதாக, ஏறத்தாழ ஒன்றுக்கொன்று இணையாக, சிக்கெடுத்த சணல் நாரை உதறிப் போட்டதுபோலக் கோடுகள். சீன ஓவியர்களும் இதைச் சணல் நார்க் கோடு என்றுதான் சொல்கிறார்கள். ஹுவாங்குக்கு முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய டோங் யுவான், ஜூரான் ஆகியோரின் கைவழக்கம் இது. ஹுவாங் செய்தது அதைத் தளர்த்தியதுதான். தூரிகையில் மை குறைந்து, காகிதத்தின் சொரசொரப்பில் உராய்ந்து, கோட்டுக்குள்ளேயே வெள்ளை தெரியும் அளவுக்கு உலர்ந்த கோடுகளைப் போட்டார். அதன்மேல் சற்று ஈரமான கோடு. அதன்மேல் இன்னொரு நாள் இன்னும் கறுப்பாகச் சில புள்ளிகள். ஒரே மூச்சில் போட்டது இல்லை, பல பருவங்களில் திரும்பத் திரும்ப வந்து தொட்டது என்பது அந்த அடுக்குகளில் தெரிகிறது. அவர் எழுதிவைத்த வரிகள் சொல்வதும் இதையேதான்.

நடுப்பகுதியைத் தாண்டியதும் பைன் மரங்கள் வருகின்றன. ஒரு சரிவில், ஓலை வேய்ந்த சிறு மண்டபத்தையொட்டி, மற்ற மரங்களைவிட உயர்ந்து நிற்கின்றன. அடிமரத்துக்குச் சில கோடுகள். ஊசி இலைகளுக்குக் குட்டிக் குட்டியான மைக்கீற்றுகள். மண்டபத்தில் ஒருவர் உட்கார்ந்து தண்ணீரில் நீந்தும் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் கிடையாது, நகத்தளவுகூட இல்லாத உருவம். ஆனாலும் அவருக்கு எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

பைன் மரம் சீன மலை ஓவியத்துக்குள் வந்தது ஹுவாங்கால் இல்லை. அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன், பத்தாம் நூற்றாண்டில், ஜிங் ஹாவோ என்ற ஓவியர் தாய்ஹாங் மலையில் பழைய பைன் மரங்களைக் கண்டு வியந்து, ஆயிரக்கணக்கில் வரைந்து வரைந்து பழகிய பிறகே உண்மையான மரம் கையில் வந்தது என்று எழுதியிருக்கிறார். 1124இல் லி தாங் அரசவைக்காகப் பட்டில் வரைந்த படத்தில் பள்ளத்தாக்கு முழுக்க பைன் மரங்களின் காற்று. அந்தப் படத்தின் மரங்கள் காவல் வீரர்கள்போல விறைத்து நிற்கும். எல்லா மரமும் இலை உதிர்க்கும் பனிக்காலத்தில் பச்சை மாறாமல் நிற்பதால், கெட்ட காலத்திலும் குணம் மாறாத சான்றோனுக்கு அது உவமை ஆனது கன்ஃபூசியஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம். ஹுவாங் மலை ஓவியம் பற்றி எழுதிய சிறு குறிப்பில் இன்னொரு படி மேலே போகிறார். பைன் மரத்தின் வேரைக் காட்டாதே. அது பதவியில் இல்லாமல் ஒதுங்கி வாழும் சான்றோன்போல என்கிறார். சிறை பார்த்து வந்த மனிதர் சொல்லும்போது அதற்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது. அதே குறிப்பில் நடைமுறை யோசனையும் உண்டு: தோல் பையில் ஒரு தூரிகை வைத்துக்கொள், வழியில் விநோதமான மரத்தைப் பார்த்தால் அங்கேயே வரைந்து வை.

பைன் மரத்துக்கு இந்தக் கலையில் இன்னொரு வேலையும் உண்டு. சீன மை இரண்டு வகைப் புகையில் பிறக்கிறது. ஒன்று எண்ணெய் விளக்கின் புகை. விளக்குச் சுடருக்குமேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இன்னொன்று, அதைவிடப் பழையது, பைன் புகை. பிசின் நிறைந்த பைன் கட்டையை நீண்ட, தாழ்ந்த சூளையில் மெல்லப் புகையவிடுவார்கள். நெருப்புக்கு மிகத் தள்ளிப் போய்ப் படியும் கரிதான் மிக நுண்மையானது, விலை கூடியது. அதோடு தோலிலிருந்து காய்ச்சிய பசையைக் கலந்து, மாவு பிசைவதுபோலப் பிசைந்து, இடித்து இடித்து அச்சில் அழுத்திக் காயவைப்பார்கள். ஓவியர் அந்தக் கட்டியை மைக்கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உரசி மை எடுக்கிறார். மலையில் நின்ற மரம் எரிந்து, கரியாகி, கட்டியாகி, தண்ணீரில் கரைந்து, மறுபடி காகிதத்தில் மரமாக நிற்கிறது. இந்தக் கரி மை வெயிலில் வெளுக்காது; உலர்ந்தபின் தண்ணீரிலும் எளிதில் கரையாது. நெருப்பைக் கடந்து வந்த பொருளுக்கு இனி பயம் நெருப்பு ஒன்றுதான், ஏனென்றால் அது இருப்பது காகிதத்தின்மேல்.

ஹுவாங் 1354இல் இறந்தார். அடுத்த நூறு ஆண்டுகளைத் தாண்டிப் போனால் சுருள் சுஜோ நகரத்து ஓவியர் ஷென் ஜோவின் கையில் இருக்கிறது. மிங் காலத்தின் பெரிய ஓவியர் அவர். சுருளின் கடைசியில் ஒரு பாராட்டுரை எழுதித் தரும்படி அதைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தார். அந்த வீட்டுப் பிள்ளை அதை மறைத்து விற்றுவிட்டான். பிறகு ஒரு நாள் அதே சுருள் சந்தைக்கு வந்தபோது ஷென் ஜோவால் கேட்ட விலையைக் கொடுக்க முடியவில்லை. வழக்குப் போட்டதாகவோ சண்டை பிடித்ததாகவோ தகவல் இல்லை. அவர் செய்தது வேறு. 1487இல், ஞாபகத்திலிருந்தே முழுச் சுருளையும் வரைந்தார். எந்தச் சரிவுக்குப் பின் எந்த மரம், எந்த வளைவில் எந்தப் படகு என்று, தொலைத்த பிள்ளையின் முகத்தைச் சொல்வதுபோல. அந்தப் படி இன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்ட நண்பர் ஃபான் ஷுன்ஜூ அசலையே தேடிப்பிடித்து வாங்கிவிட்டார். 1488இல் அதை ஷென் ஜோவிடம் கொண்டுவந்து எழுதித் தரும்படி கேட்டார். ஒரு காலத்தில் இது என்னிடம் இருந்தது என்று ஷென் ஜோ அதில் எழுதினார். எழுதி, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1596இல் அது டோங் சீசாங்கிடம் வந்தது. ஓவியர், அதிகாரி, சீன ஓவியத்தின் வரலாற்றையே தன் கண்ணோட்டத்தில் வகுத்துக் காட்டியவர். அவரிடமிருந்து யீசிங் ஊரைச் சேர்ந்த வூ ஜெங்ஜியின் கைக்குப் போய், அவருக்குப்பின் மகன் வூ ஹோங்யூவுக்கு வந்தது.

இந்த மகனை எனக்கு மன்னிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. சுருளுக்கென்றே தனியாக ஒரு கூடம் கட்டினார். சாப்பிடும்போது பக்கத்தில், தூங்கும்போது தலைமாட்டில். மிங் அரசு வீழ்ந்து மஞ்சூப் படைகள் தெற்கே வந்தபோது வீட்டில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்; கையோடு கொண்டுபோனது இந்தச் சுருளையும், துறவி ஜியோங்கின் கையெழுத்தில் இருந்த ஆயிரம் எழுத்து நூலையும்தான். 1650இல் சாகும் தறுவாயில் இரண்டையும் தன்னோடு எடுத்துப் போக விரும்பினார். முதல் நாள் ஆயிரம் எழுத்து நூல் நெருப்பில் இடப்பட்டது. அது எரிந்து முடியும்வரை அவரே பார்த்தார். மறுநாள் ஃபூச்சுன் சுருளின் முறை. நெருப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகு படுக்கைக்குத் திரும்பினார். அந்த இடைவெளியில் அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான வூ ஜிங்ஆன் அடுப்பில் கைவிட்டு அதை வெளியே இழுத்தார். கிழவர் வந்து பார்த்தால் தெரியாமல் இருக்க வேறொரு சுருளை நெருப்பில் போட்டார். அந்த வேறு சுருள் எது, யார் வரைந்தது என்று யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. இந்தக் கதையில் அதற்கும் ஒரு இடம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சுருட்டி வைத்த காகிதத்தில் நெருப்பு பிடித்தால் எப்படி எரியும் என்று நினைத்துப் பாருங்கள். வெளிச்சுற்று முதலில் போகும். கைச்சுருளில் வெளிச்சுற்று என்பது படத்தின் தொடக்கம். உள்ளே போகப் போக ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஓட்டை, அளவில் மட்டும் சிறுத்துக்கொண்டே. தைபேயில் இருக்கும் பெரிய துண்டின் வலது ஓரத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்: ஒட்டுப்போட்டுச் சரிசெய்த தழும்புகள் ஒரே சீரான இடைவெளியில், ஒன்றைவிட ஒன்று சிறியதாக, நெருப்பு எவ்வளவு ஆழம் வந்து நின்றது என்பதைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன.

சுருள் இரண்டானது. முன்பக்கத்தில் தப்பியது சிறு துண்டு, 51.4 சென்டிமீட்டர். ஒரு மலையும் ஒரு பள்ளமும் அதிலேயே முழுமையாக அமைந்துவிட்டதால் தனிப்படம்போலவே இருந்தது. வூ சீஜென் என்ற சேகரிப்பாளர் 1652இல் அதை வாங்கினார். 'மிஞ்சிய மலை' என்ற பெயரில் அது தன் வழியில் போனது. பின்பக்கத்துப் பெரிய துண்டுக்கு, ஹுவாங்கின் எழுத்தில் வூயோங்கின் பெயர் இருப்பதால், 'துறவி வூயோங் சுருள்' என்ற பெயர் நிலைத்தது.

பெரிய துண்டு பல கைகள் மாறி, தியன்ஜினில் உப்பு வியாபாரம் செய்த ஆன் சீயின் சேகரிப்புக்குப் போய், 1746இல் சிங் பேரரசர் சியென்லோங்கின் அரண்மனைக்குள் நுழைந்தது. ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு ஃபூச்சுன் இருந்தது. முந்தின ஆண்டுதான் அரசருக்கு அது கிடைத்திருந்தது. பின்னாளில் யாரோ பார்த்து வரைந்த படி அது. ட்ஸிமிங் என்பவருக்காக வரைந்ததாகப் பொய்யாக எழுதியிருந்தது. அதை அசல் என்று நம்பிய அரசர் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார். அரசரின் அன்பு என்றால் முத்திரை, எழுத்து, மறுபடி முத்திரை. மலைக்குமேல் இருந்த வானம், தண்ணீர் இருந்த வெற்றிடம் எல்லாம் எழுத்தால் நிரம்பியது. அந்தச் சுருளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை எழுதினார். இப்போது உண்மையான சுருள் வந்து நின்றபோது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வந்ததுதான் போலி என்று முடிவு செய்தார். போலியானாலும் நன்றாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு, அமைச்சர் லியாங் ஷிஜெங்கை விட்டு அது போலி என்று அந்தச் சுருளிலேயே எழுதச் செய்தார்.

அந்தத் தீர்ப்புதான் ஹுவாங்கின் மலையைக் காப்பாற்றியது. சிவப்பு முத்திரை குவியாத வானத்தோடு அது அலமாரிக்குப் போனது. அரசவைத் தீர்ப்பை மறுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. 1816இல் ஹூ ஜிங் முதலானோர் அரண்மனைப் பட்டியலைத் தொகுத்தபோதுதான் அதற்கு அதில் இடம் கிடைத்தது. எது அசல் என்ற கேள்வி 1930களில் ஷாங்காயில் தீர்ந்தது. கூர்ந்த கண்ணுள்ள ஷூ பாங்டா இரண்டையும் பார்த்து, அரசர் தலைகீழாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று காட்டினார்.

இரண்டும் ஷாங்காய்க்கு வந்த காரணம் போர். ஜப்பானியப் படை வடக்கே நெருங்கியதால், 1933இல் அரண்மனை அருங்காட்சியகத்தின் பொருட்கள் பெய்ஜிங்கிலிருந்து பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில் ரயிலேறின. ஷாங்காய், பிறகு நான்ஜிங், 1937க்குப்பின் மேற்குச் சீனத்து மலைகள், மறுபடி நான்ஜிங். உள்நாட்டுப் போரின் முடிவில், 1948 கடைசியிலும் 1949 தொடக்கத்திலுமாக மூன்று கப்பல்களில் ஒரு பகுதி தைவானுக்குப் போனது. ஃபூச்சுனின் பெரிய துண்டும் அதில் கடல் கடந்தது. தாய்ச்சோங்குக்கு அருகே பெய்கோ கிராமத்துக் கிடங்கில் பதினைந்து ஆண்டு இருந்து, 1965இல் தைபேயின் புதிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. போலியும் உடன் போனது. இன்றும் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

சிறு துண்டு 1938இல் ஷாங்காய் ஓவியர் வூ ஹூஃபானின் கையில் சேர்ந்தது. தன் வீட்டில் இருந்த பழங்கால வெண்கலப் பாத்திரம் ஒன்றைக் கொடுத்து அதை வாங்கினார். பெரும் பேதையின் ஃபூச்சுனில் ஒரு மூலை இந்த வீட்டில் இருக்கிறது என்ற பொருள்பட முத்திரைப் பெயர் வைத்துக்கொண்டார். செஜியாங் மாநிலத்துக்காகப் பழம்பொருள் சேகரித்துவந்த எழுத்துக்கலைஞர் ஷா மெங்ஹாய் அவரை விடவில்லை. போய்ப் போய்க் கேட்டார். மலை தன் சொந்த ஊர்ப்பக்கமே இருக்கட்டும் என்ற வாதம் கடைசியில் பலித்தது. 1956இல் 'மிஞ்சிய மலை' ஹாங்ஜோவில் உள்ள செஜியாங் அருங்காட்சியகத்துக்கு வந்தது, ஃபூச்சுன் ஆற்றிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்துக்கு.

2010 மார்ச்சில் சீனப் பிரதமர் வென் ஜியாபாவோ செய்தியாளர் கூட்டத்தில், பாதி ஹாங்ஜோவிலும் பாதி தைபேயிலும் இருக்கும் இந்தப் படம் ஒன்றுசேர வேண்டும் என்றார். அரசியல் பேச்சுதான். ஆனாலும் அதன் விளைவாக 2011 ஜூனில் சிறு துண்டு கடல் கடந்து தைபேக்குப் போனது. 361 ஆண்டுகளுக்குப்பின் இரண்டும் ஒரே கண்ணாடிப் பேழையில், நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. காட்சி முடிந்ததும் அது ஹாங்ஜோவுக்குத் திரும்பியது.

இரண்டையும் சேர்த்து வைத்தாலும் படம் முழுமையாகாது. மிஞ்சிய மலைக்கும் முன்னால் ஒரு பகுதி இருந்தது. அடுப்பில் முதலில் போனது அதுதான். பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் யுன் ஷோபிங் அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் நகரக் கோட்டை மதிலின் ஒரு மூலை தெரியுமாம். அதையடுத்து ஐந்து அடிக்கும் கூடுதலாக வெறும் மணல்திட்டு, ஃபூச்சுன் ஆறு சியென்டாங்கில் கலக்கும் முகத்துவாரம். அந்த மணலை ஹுவாங் முனை தேய்ந்துபோன தூரிகையால் வரைந்திருந்தாராம். மணல் முடிந்த இடத்தில்தான் முதல் மலை எழுந்தது.